முதுகெலும்பில் காசநோய்: முதலில் வயதைக் கேட்போம்

காசநோய்ச் சிகிச்சையின் வரலாற்றை யார் எழுதினாலும் சென்னைக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கியாக வேண்டும். சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்காமல் வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் நுரையீரல் காசநோய் அதே அளவுக்குக் குணமாகும் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது, 1956இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம்தான். சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்கும் அதே மையம், முதுகெலும்பைத் தாக்கும் காசநோய் பற்றியும் அதற்குச் சற்றும் குறையாத ஒன்றைக் கண்டறிந்தது. ஏனோ அது மருத்துவ வட்டாரத்துக்கு வெளியே பேசப்படவே இல்லை. 1950களில் ஹாங்காங்கில் ஹாட்ஜ்சன் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும், முதுகெலும்பின் முன்பக்கத்தை அடைந்து, அரித்துப்போன எலும்பை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் வேறு எலும்பை வைத்துப் பொருத்தும் முறையைப் புகழ்பெறச் செய்திருந்தார்கள். அது எல்லோருக்கும் தேவைதானா என்பது சென்னை ஆய்வின் கேள்வி. ஒரு பிரிவினருக்கு அந்தப் பெரிய அறுவையும் ஆறு மாத மருந்தும். மற்ற இரு பிரிவினருக்கு நடமாடிக்கொண்டே சாப்பிடும் மருந்து மட்டும்: ஒரு பிரிவுக்கு ஆறு மாதம், இன்னொன்றுக்கு ஒன்பது மாதம். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் என்ற இரண்டே மருந்துகள். பத்தாண்டு நிலவரத்தைப் பார்த்து 1999இல் வெளியிட்ட முடிவின்படி, நல்ல நிலையில் இருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 90 விழுக்காடு, ஆறு மாத மருந்துப் பிரிவில் 94, ஒன்பது மாதப் பிரிவில் 99.

கத்தி வேண்டாம், மாத்திரை போதும் என்ற செய்தி அதிலிருந்து பரவியது. சரியான செய்திதான். ஆனால் அந்த முடிவோடு ஒரு விலக்கும் சேர்த்தே எழுதப்பட்டிருந்தது. 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில், சிகிச்சை தொடங்கும்போதே கூன் 30 பாகையைத் தாண்டியிருந்தவர்களுக்கு மருந்து மட்டும் போதவில்லை. அவர்களுடைய கூன் கணிசமாகக் கூடிக்கொண்டே போயிற்று. இந்த விலக்கை ஓர் அடிக்குறிப்பாகப் பார்ப்பது வழக்கம். இந்த நோயைப் புரிந்துகொள்ள அதுவே நுழைவாயில் என்பது என் வாதம். கிருமி ஒன்றுதான்; ஆனால் ஐந்து வயதில் அது செய்வது வேறு, முப்பத்தைந்தில் செய்வது வேறு, எழுபதில் செய்வது வேறு. அறிகுறிகள் மட்டுமல்ல, ஆய்வகம் தரும் எண்களுக்கு என்ன பொருள், எப்போது ஒருவரைக் குணமானவர் என்று கணக்கை முடிப்பது ஆகியவையும் வயதைப் பொறுத்தே அமைகின்றன. நம்முடைய கண்டறியும் முறையும் கண்காணிப்பு முறையும் எல்லா வயதினருக்கும் ஒரே அளவுகோலை வைத்திருக்கின்றன.

அந்த அளவுகோல் இருமல். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலைச் சந்தேகிக்கச் சொல்லித்தான் பல பத்தாண்டுகளாக மக்களைப் பழக்கியிருக்கிறோம். நுரையீரல் நோய்க்கே இந்தக் கேள்வி போதாது என்பதை 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு காட்டிவிட்டது. மார்பு எக்ஸ்ரேயும் சேர்த்து எடுத்திராவிட்டால், கண்டுபிடிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் தப்பிப் போயிருப்பார்கள். இந்தியாவில் பதிவாகும் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியே இருக்கிறது. அவர்களில் சுமார் பத்தில் ஒரு பங்கினருக்கு எலும்பிலும் மூட்டிலும். எலும்பு நோயாளிகளில் பாதிப் பேருக்கு முதுகெலும்பில். இவர்களில் பெரும்பாலோருக்கு இருமல் கிடையாது. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு என்று நாம் பாடமாக வைத்திருக்கும் அறிகுறிகளும் பாதிக்கும் குறைவானவர்களிடமே காணப்படுகின்றன. மிஞ்சுவது முதுகு வலி. உலகத்தில் அதைவிடச் சாதாரணமான புகார் வேறு இல்லை என்பதுதான் சிக்கல்.

குழந்தையிடம் தொடங்குவோம், ஏனென்றால் அங்கேதான் நாம் இழப்பது அதிகம். சிறு பிள்ளைக்கு ‘முதுகு வலிக்கிறது’ என்று சொல்லத் தெரியாது. விளையாடப் போகாது, கீழே கிடக்கும் பொருளை எடுக்கக் குனியாமல், முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுக்கும். பகலில் தசைகள் இறுகி நோயுற்ற இடத்தை அசையாமல் காக்கின்றன. தூக்கத்தில் அந்த இறுக்கம் தளர்வதால் நடு இரவில் வீறிட்டு அழும். பயந்திருக்கிறது என்று மந்திரிக்க அழைத்துப் போகும் வீடுகளும் உண்டு. குழந்தையின் முள்ளெலும்பில் குருத்தெலும்பு அதிகம். முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க்குக்கும் அந்த வயதில் ரத்த ஓட்டம் இருக்கிறது. அதனால் நோய் ஓரிடத்தில் நிற்பதில்லை. பல முள்ளெலும்புகளுக்குப் பரவுகிறது, சீழ் நிறையச் சேர்கிறது. பெரியவர்களின் டிஸ்க்குக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. அங்கே நோய் அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளின் விளிம்புகளில் தொடங்குகிறது. பெரும்பாலும் அந்த இரண்டோடு நின்றுவிடுகிறது. கழுத்துப் பகுதியில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கம். ஹாங்காங்கிலிருந்து 1984இல் வெளியான, 40 நோயாளிகளைப் பற்றிய ஓர் ஆய்வில், பத்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் பரவலான சேதமும் பெரிய சீழ்க்கட்டிகளும் இருந்தன. ஆனால் கை கால் செயலிழப்பு அவர்களிடம் குறைவு. அதற்கு மேற்பட்ட வயதினருக்குச் சீழ் குறைவு, சேதம் ஓரிடத்தில், ஆனால் தண்டுவடம் நசுங்கிச் செயலிழந்தவர்கள் மிக அதிகம். கழுத்தில் வீக்கமோ விழுங்கச் சிரமமோ உள்ள குழந்தையைக் கண்டு பதறுகிறோம். கை லேசாக மரத்துப்போகிறது என்று சொல்லும் நாற்பது வயதுக்காரருக்குக் கழுத்துத் தேய்மானம் என்று பட்டையைக் கட்டி அனுப்புகிறோம். இரண்டாமவரின் ஆபத்து குறைவென்று யார் சொன்னது?

உழைக்கும் வயதில் இந்த நோய்க்கு மறைந்துகொள்ள இடங்கள் ஏராளம். மூட்டை தூக்குபவருக்கு வேலையால் வலி, வண்டி ஓட்டுபவருக்குக் குலுக்கலால் வலி, கணினி முன் இருப்பவருக்கு உட்காரும் முறையால் வலி. பிள்ளை பெற்ற பெண்ணுக்கோ, சிசேரியனுக்காக முதுகில் போட்ட ஊசியால் வலி என்று குடும்பமே தீர்ப்பெழுதிவிடுகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் காசநோய் தலைதூக்கும் வாய்ப்பு கூடுதல் என்பது தெரிந்த உண்மை. தசைப்பிடிப்பு வலி ஓய்வில் தணியும்; காசநோய் வலி படுத்தாலும் விடாது, இரவில் எழுப்பும், வாரங்கள் செல்லச் செல்லக் கூடும். இந்த ஒரு வேறுபாட்டைக் கேட்டறிய எந்தக் கருவியும் வேண்டாம். இதற்குள் பலருக்கு ஒரு எக்ஸ்ரேயும் எடுக்கப்பட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டிருக்கும். எலும்பின் தாதுச் சத்தில் 30 முதல் 50 விழுக்காடு வரை கரைந்த பிறகே சாதாரண எக்ஸ்ரேயில் சேதம் தெரியும். தொடக்கத்தில் எடுத்த படம் சரியாக இருந்தது என்பது அந்த நோயாளிக்குத் தரப்பட்ட மிக மோசமான ஆறுதல்.

முதியவரிடம் நோய் இன்னொரு நோயின் பெயரைச் சூட்டிக்கொள்கிறது. எலும்பு மெலிந்த அறுபத்தெட்டு வயதுப் பெண்ணின் படத்தில் ஒரு முள்ளெலும்பு அமுங்கியிருந்தால், எலும்பு மெலிவால் வந்த முறிவு என்று முடிவாகிவிடும். எழுபது வயது ஆணுக்கு அதே படம் என்றால், புராஸ்டேட் புற்றுநோய் பரவிவிட்டதோ என்ற அச்சம் முந்திக்கொள்ளும். இரண்டு ஊகங்களும் நியாயமானவையே. ஆனால் விழாமல், அடிபடாமல் வந்த அமுக்கத்தையும், அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகள் எதிரெதிர் விளிம்பில் அரிக்கப்பட்டிருப்பதையும் கண்டால் நிதானிக்க வேண்டும். புற்றுநோய் பெரும்பாலும் டிஸ்க்கை விட்டுவைத்து முள்ளெலும்பின் பின்புறத்தையும் தாக்கும். முதுமையில் டிஸ்க் உலர்ந்துபோயிருப்பதால் காசநோயும் சில சமயம் அதை விட்டுவைத்துக் குழப்பும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சர்க்கரை நோய் எதிர்ப்பாற்றலைக் குறைத்திருக்கும். வலிக்காக எங்கோ போடப்பட்ட ஸ்டீராய்டு ஊசி அறிகுறிகளை அடக்கியிருக்கும். சிறுநீர்த் தொற்றுக்கென்று கொடுக்கப்பட்ட லெவோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளுக்குக் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் ஒடுக்கும் ஆற்றல் உண்டு. சில நாள் சுகம் தந்து நோயறிதலைத் தள்ளிப்போடும்.

இப்போது ஆய்வகத்துக்கு வருவோம். நம் ஊரில் காசநோய்ச் சந்தேகம் வந்தால் முதலில் எழுதித் தரப்படுவது இஎஸ்ஆர். ரத்தச் சிவப்பணுக்கள் எவ்வளவு வேகமாகப் படிகின்றன என்பதைக் காட்டும் மலிவான சோதனை. முதுகெலும்புக் காசநோயாளிகளில் மிகப் பலருக்கு இது உயர்ந்திருக்கும் என்பது சரி. ஆனால் உயர்வு என்பது எதற்கு மேல்? வயதோடு இஎஸ்ஆர் இயல்பாகவே ஏறும். மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று உண்டு: ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி, மேல் வரம்பு. அப்படிப் பார்த்தால் எழுபது வயதுப் பெண்ணுக்கு 40 இயல்பானது. அதே 40 பத்து வயதுச் சிறுவனுக்கு மணியடிக்க வேண்டிய எண். முதியவருக்கு ரத்தசோகையோ சிறுநீரகக் கோளாறோ சேர்ந்தால் எண் இன்னும் ஏறும். நூறைத் தொட்டால் மயலோமா என்ற ரத்தப் புற்றுநோயையும் விலக்கியாக வேண்டும். எந்த வயதிலும் இஎஸ்ஆர் சரியாக இருப்பதை வைத்து நோய் இல்லை என்று சொல்ல முடியாது. பல ஆய்வக அறிக்கைகளில் குழந்தைக்கும் பாட்டிக்கும் ஒரே இயல்பு வரம்பு அச்சிடப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது, பார்த்துப் படிப்பவர் யாரென்று அச்சிட்டவர் யோசித்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

கையில் ஊசி போட்டு வீக்கத்தை அளக்கும் மாண்டோ சோதனையிலும் இதே கதை. முன்பு சொன்ன தேசியக் கணக்கெடுப்பு, 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் நூற்றுக்கு 31 பேரின் உடலில் காசநோய்த் தொற்று இருப்பதாகக் காட்டியது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வரப்போவதில்லை. ஆகவே ஐம்பது வயதுக்காரருக்கு மாண்டோ நேர்மறையாக வந்தால், அவர் இந்தியாவில் ஐம்பது ஆண்டு வாழ்ந்திருக்கிறார் என்பதற்கு மேல் அதிகம் தெரிவதில்லை. அதிகப் பணம் கொடுத்துச் செய்யும் ரத்தச் சோதனையான இக்ரா சொல்வதும் ஏறத்தாழ இதையேதான். மூன்று வயதுக் குழந்தைக்கு நேர்மறையாக வந்தாலோ, அண்மையில் யாரிடமிருந்தோ தொற்றியிருக்கிறது, அந்த யாரோ பெரும்பாலும் அதே வீட்டில் இருக்கிறார் என்று பொருள். ஊட்டக்குறைவுள்ள குழந்தைக்கு நோய் இருந்தும் சோதனை எதிர்மறையாக வரலாம் என்பது இதன் மறுபக்கம். ஒரே சோதனை ஒரு வயதில் திறவுகோல், இன்னொரு வயதில் வெறும் செலவு.

முடிவான சான்று திசுவில்தான் கிடைக்கிறது. அதுவும் எளிதாகக் கிடைப்பதில்லை. முதுகெலும்பில் கிருமிகளின் எண்ணிக்கை குறைவு. நுண்ணோக்கியில் அவை பல நேரம் தென்படுவதில்லை. வளர்ப்புச் சோதனைக்கு ஆறு முதல் எட்டு வாரம் வரை ஆகலாம். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனை இரண்டு மணி நேரத்தில் விடை தருவதோடு, ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதையும் சொல்கிறது. நுரையீரலுக்கு வெளியே எடுத்த திசுக்களுக்கும் இதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே பரிந்துரைத்தது. ஆனால் எதிர்மறை முடிவு நோய் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுத் திசுநோய் ஆய்வுக்கு மட்டும் அனுப்பிவிட்டால், பிறகு வளர்ப்புச் சோதனைக்கு வழியே இல்லை. ஒரு பகுதியை உப்புநீரில் வைக்க வேண்டும் என்ற சின்ன விஷயம் தவறிப்போவதால் மறுபடி ஊசி குத்த வேண்டி வருகிறது.

காசநோய் மலிந்த நாட்டில் இத்தனை தேவையா, எம்ஆர்ஐ படம் காசநோய் போல இருந்தால் மருந்தைத் தொடங்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அனுபவம் மிக்க மருத்துவர்களே இதைச் சொல்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. நரம்பு நசுங்கிக் கால் தளரும் நோயாளியை முடிவுக்காகக் காக்க வைக்க முடியாது. படம் தெளிவாக இருந்து, வீட்டில் காசநோயாளியும் இருந்தால், சிறு குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து ஊசி குத்துவதை ஒரு மருத்துவர் தவிர்ப்பதையும் புரிந்துகொள்ளலாம். ஆனால் இந்த வாதம் எல்லா வயதுக்கும் பொருந்தாது. அறுபதைத் தாண்டியவருக்குப் புற்றுநோய், மயலோமா, சாதாரணச் சீழ்த்தொற்று எல்லாமே போட்டிக்கு நிற்கின்றன. சரியான பெயர் தெரியாமல் ஓராண்டு மருந்து கொடுப்பது, முதுமையில் கூடுதலாக நேரும் கல்லீரல் பாதிப்புக்கும் அவரை ஆளாக்குவது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி இருந்தால் எந்த வயதிலும் அந்தக் காலம் வீண். ஆகவே திசு எடுப்பதா வேண்டாமா என்பதற்கும் ஒரே விதி இருக்க முடியாது. வயது ஏற ஏறத் திசு இல்லாமல் மருந்து தொடங்கத் தயங்க வேண்டும் என்பதே நியாயமான நிலைப்பாடு.

அப்படியானால் முதுகு வலி என்று வரும் எல்லோரையும் எம்ஆர்ஐ அறைக்கு அனுப்புவதா என்ற எதிர்வாதம் இன்னும் வலுவானது. முடியாது; கூடவும் கூடாது. நூறு முதுகு வலிகளில் காசநோய் ஒன்றாகக்கூட இருக்காது. பிரிப்பதற்கு வயதுதான் கைகொடுக்கும். குழந்தைக்கு முதுகு வலி சாதாரணமானது அல்ல. சில வாரங்கள் நீடித்தாலே போதும், தேட வேண்டும். நடுவயதினரில் பெரும்பாலோரை அனுப்பிவிடலாம். ஆறு வாரம் கடந்தும், படுத்தாலும் வலிக்கிறது, எடை குறைகிறது, சர்க்கரை நோய் இருக்கிறது, வீட்டில் யாருக்கோ காசநோய் இருந்தது என்பவர்களை மட்டும் நிறுத்த வேண்டும். முதியவர்களில், காரணமின்றி முள்ளெலும்பு அமுங்கியவர்களை எலும்பு மெலிவுப் பட்டியலில் சேர்க்கும் முன் ஒருமுறை பார்த்தால் போதும். இப்படிச் சலித்தால் மிஞ்சும் கூட்டம் சிறியது. தமிழகத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எம்ஆர்ஐ வசதி இருக்கிறது. குறை கருவியில் இல்லை. முதுகு வலிக்கு முதலில் பார்ப்பவர், இந்த நோயை மனத்தில் வைத்து அங்கே அனுப்புவதில்லை என்பதில்தான் இருக்கிறது.

முதுகெலும்புக் காசநோய் பிறருக்குத் தொற்றாது, இருக்கும் பணத்தை இருமுபவரைக் கண்டுபிடிக்கச் செலவிடுவதே பொதுச் சுகாதாரம் என்று திட்டமிடுபவர்கள் சொல்வார்கள். பரவலைத் தடுப்பது மட்டுமே நோக்கமென்றால் அது சரி. ஆனால் தமிழக அரசே 2022இல் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியபோது, நோயாளி எந்த நிலையில் வந்து சேர்கிறார் என்பதையும் அரசின் பொறுப்பாக ஏற்றுக்கொண்டது. மெலிந்துபோனவரையும், மூச்சுத் திணறுபவரையும், எழுந்து நிற்க முடியாதவரையும் முதல் நாளிலேயே இனங்கண்டு மருத்துவமனையில் சேர்க்கிறது அந்தத் திட்டம். இறப்பைத் தவிர்க்க உடல்நிலையைப் பார்த்துத் தரம் பிரிக்கலாம் என்றால், கால் விளங்காமல் போவதைத் தவிர்க்க வயதையும் பார்த்துப் பிரிக்கலாம். தொற்றுக் கோணத்தில் பார்த்தாலும், முதுகெலும்பு நோயோடு வரும் குழந்தை, கண்டறியப்படாத பெரியவர் ஒருவரை நோக்கிக் கைகாட்டுகிறது. அந்தக் குழந்தையின் வீட்டில் உள்ள எல்லோரையும் சோதிப்பது, இருமுபவரைத் தேடும் வேலையின் ஒரு பகுதியே.

கண்டறிந்து மருந்தும் கொடுத்த பிறகு நடப்பதில்தான் எனக்குப் பெரிய குறை. இந்திய வழிகாட்டு நெறிகள் எலும்புக் காசநோய்க்கு இன்று ஓராண்டு மருந்தைப் பரிந்துரைக்கின்றன. தேவைப்பட்டால் 18 மாதம் வரை நீட்டலாம். சென்னை ஆய்வில் ஆறு மாதம் போதுமானதாக இருந்ததைப் படித்துவிட்டு யாரும் மருந்தைப் பாதியில் நிறுத்திவிடக் கூடாது. மருந்து முடிந்த பின் இரண்டாண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தேசியக் காசநோய்த் திட்டம் நோயாளியைத் தொடர்கிறது. நோய் திரும்புகிறதா என்று பார்க்க இது போதும். வளரும் முதுகெலும்புக்குப் போதாது. கோவையைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை நிபுணர் ராஜசேகரன், மருந்தால் குணமான 61 குழந்தைகளை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001இல் வெளியிட்ட ஆய்வு, உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுவது. நோய் ஆறிய பிறகு, வளர்ச்சிக் காலத்தில் 39 விழுக்காட்டினருக்குக் கூன் கூடியது. 44 விழுக்காட்டினருக்குத் தானாகவே குறைந்தது. 17 விழுக்காட்டினருக்குப் பெரிய மாற்றமில்லை. கூடியவர்களில் சிலருக்கு அது உடனே கூடவில்லை. மூன்று முதல் ஆறு ஆண்டுகள் அமைதியாக இருந்துவிட்டுப் பிறகு தொடங்கியது. அரசுப் பதிவேட்டில் அந்தப் பிள்ளையின் கணக்கு அதற்குள் மூடப்பட்டிருக்கும்.

வளர்ச்சி ஒரு குழந்தையை நிமிர்த்துகிறது, இன்னொரு குழந்தையை வளைக்கிறது என்றால், எல்லாக் குழந்தைகளுக்கும் அறுவை என்பது எவ்வளவு தவறோ, யாருக்கும் வேண்டாம் என்பதும் அவ்வளவு தவறு. யார் எந்தப் பக்கம் போவார்கள் என்று முன்கூட்டியே கணிக்க அதே ஆய்வு நான்கு அடையாளங்களைத் தந்தது: முள்ளெலும்புகளைப் பின்பக்கம் இணைக்கும் மூட்டுகள் விலகுவது, சேதமான எலும்பு தண்டுவடத்தை நோக்கிப் பின்னே தள்ளப்படுவது, மேலிருப்பது பக்கவாட்டில் நழுவுவது, மேலே உள்ள முள்ளெலும்பு முன்னோக்கிக் கவிழ்வது. இவை சேர்ந்து தென்பட்டால் ஆபத்து. இதற்கு விலையுயர்ந்த ஸ்கேன் எதுவும் வேண்டாம். நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த சாதாரண எக்ஸ்ரே போதும். கூன் 60 பாகையைத் தாண்டிவிட்டால் நுரையீரல் நெருக்கப்படும், நோய் ஆறிப் பல ஆண்டுகள் கழித்தும் கால்கள் செயலிழக்கலாம், அறுவையும் அப்போது பன்மடங்கு கடினம். முன்கூட்டியே பிடித்தால் அதே பிள்ளைக்குச் சிறிய அறுவை போதும்.

செய்ய வேண்டியதற்குப் புதிய துறையோ புதிய கட்டடமோ தேவையில்லை. 15 வயதுக்குள் இந்த நோய் வந்த ஒவ்வொருவரையும் வளர்ச்சி முடியும் வரை, அதாவது 18 வயதுவரையாவது, ஆண்டுக்கொரு எக்ஸ்ரேயோடு தொடரும்படி தேசியத் திட்டத்தின் இரண்டாண்டு விதியைத் திருத்தலாம். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் 18 வயதுவரை பிள்ளைகளைப் பார்க்கும் நடமாடும் மருத்துவக் குழுக்கள் ஏற்கெனவே இயங்குகின்றன. சட்டையைக் கழற்றி முதுகைப் பார்ப்பது அவர்களுக்கு அரை நிமிட வேலை. மறுமுனையில், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் சர்க்கரை மாத்திரையோடு முதியவர்களின் வீடுகளுக்கே போகிறார்கள். இரவில் முதுகு வலித்து எழுந்துகொள்கிறீர்களா, காலை முன்புபோல் ஊன்ற முடிகிறதா என்ற இரண்டு கேள்விகளை அவர்களுடைய பதிவேட்டில் சேர்க்கலாம். ஆய்வகங்கள் இஎஸ்ஆர் வரம்பை வயதுவாரியாக அச்சிட ஒரு சுற்றறிக்கை போதும். சேத்துப்பட்டு ஆய்வின் அந்த விலக்கு அச்சேறிக் கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது; 15 வயதுக்கு உட்பட்டோருக்கென அது கேட்ட தனிக் கவனம் இன்னும் நம் பதிவேடுகளில் ஒரு கட்டமாகக்கூட இடம்பெறவில்லை.